கூட்டல் கழித்தல் பழக இரண்டு பேர் போதும்

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும் சென்னை வீடுகளில் இந்தப் பேச்சு வரும்: "எண்ணச் சொன்னா நூறு வரைக்கும் எண்ணுது, அஞ்சும் மூணும் எவ்ளோன்னு கேட்டா முழிக்குது." உடனே ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிப் பக்கத்துக்கு இருபது கணக்கு போட வைக்கிறோம். குழந்தை தனியாக உட்கார்ந்து போடுகிறது. நாம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சரி, தப்பு போடுகிறோம். தப்பு எந்த இடத்தில், எதனால் வந்தது என்று இருவருக்கும் தெரிவதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது.

அதே கணக்கை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடினால் எல்லாம் வாய்விட்டு நடக்கிறது. ஒருவர் போடும் கணக்கை மற்றவர் பார்க்கிறார், கேட்கிறார், சந்தேகம் வந்தால் "நில்லு, திரும்ப எண்ணு" என்கிறார். நான்கு வயதிலிருந்து ஏழெட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வேண்டிய பொருளெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்: ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு கொட்டாங்குச்சி, தாயக்கட்டை அல்லது லூடோ பகடை, ஒரு சீட்டுக்கட்டு, காலியான முட்டை அட்டை.

குழந்தை எப்படிக் கூட்டுகிறது?

விளையாட்டுக்குப் போகும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். 5+3 என்று கேட்டால் நான்கைந்து வயதுக் குழந்தை ஒரு கையில் ஐந்து விரலை விரிக்கும், மறு கையில் மூன்றை விரிக்கும், பிறகு எல்லாவற்றையும் "ஒண்ணு, ரெண்டு" என்று முதலிலிருந்து எண்ணி எட்டுக்கு வரும். இது எல்லாவற்றையும் எண்ணும் நிலை. கொஞ்ச நாள் போனதும் ஐந்தைத் திரும்ப எண்ணாது. "அஞ்சு" என்று சொல்லிவிட்டு "ஆறு, ஏழு, எட்டு" என்று மேலே போகும். பார்க்கச் சின்ன மாற்றம், ஆனால் குழந்தையின் கணக்கில் இதுதான் பெரிய தாவல். ஐந்து என்ற குவியலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்காமலேயே ஐந்து என்று நம்புகிறது. இன்னும் கொஞ்சம் தேறினால் 2+7 கேட்கும்போது ஏழிலிருந்து தொடங்கி "எட்டு, ஒம்போது" என்று முடித்துவிடும். இதை யாரும் சொல்லித் தராமலே பல குழந்தைகள் கண்டுபிடிக்கிறார்கள்.

அதற்கும் மேலே, தெரிந்த ஒன்றைப் பிடித்துத் தெரியாததற்குப் போகும் நிலை இருக்கிறது. ஐந்தும் ஐந்தும் பத்து என்று தெரியும், அப்படியானால் ஐந்தும் ஆறும் பதினொன்று. எட்டோடு ஐந்தைக் கூட்ட, ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கினால் மீதி மூன்று, பதிமூன்று.

ஒரே வகுப்பில், ஒரே வயதில் இந்த எல்லா நிலையிலும் குழந்தைகள் இருப்பார்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையை வைத்துப் பிரிப்பதற்கும் இதுதான் காரணம். உங்கள் குழந்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிய பரீட்சை வேண்டாம். இரண்டு ஆட்டம் கூட விளையாடி, வாயையும் விரலையும் கவனித்தாலே தெரிந்துவிடும். விரல் விடுவதைத் தயவுசெய்து அதட்டி நிறுத்தாதீர்கள். அதட்டினால் விரல் மேசைக்கடியில் போய்விடும், அதன் பிறகு குழந்தை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

பொத்தி வைத்த கொட்டை

ஒரே ஒரு விளையாட்டுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஐந்து புளியங்கொட்டை எடுத்து இருவரும் சேர்ந்து எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் சில கொட்டைகளைக் கொட்டாங்குச்சிக்கு அடியில் ஒளித்துவிட்டு மீதியை வெளியே வைக்கிறார். கண்ணைத் திறந்தவர் உள்ளே எத்தனை என்று சொல்ல வேண்டும். தூக்கிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். சரி, தப்பு சொல்லப் பெரியவர் யாரும் வேண்டியதில்லை.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நவம்பர் காலையில், எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் ஒரு அக்காவும் தம்பியும் இதை ஏழு கொட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா மூன்றாம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. வெளியே ஐந்து இருந்தது. தம்பி ஐந்தையும் தொட்டு எண்ணினான். பிறகு கொட்டாங்குச்சியின் முதுகில் விரலால் தட்டினான்.

"ஆறு, ஏழு. உள்ள ரெண்டு."

"எப்டிடா சொல்ற?"

"ரெண்டு தட்டு தட்டுனேன்ல?"

அடுத்து வெளியே நான்கு. மறுபடியும் தட்டி, "அஞ்சு, ஆறு, ஏழு. மூணு" என்றான். அதற்கடுத்த முறை வெளியே மூன்றுதான் இருந்தது. இந்த முறை தட்டவில்லை. பார்த்த உடனே "நாலு" என்றான்.

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "எண்ணவே இல்ல நீ. எட்டிப் பாத்தியா?"

"இல்லக்கா. இப்பதான நாலு வெளிய, மூணு உள்ள இருந்துச்சு. அது அப்டியே மாறி உக்காந்திருக்கு."

நான்கும் மூன்றும் ஏழு என்றால் மூன்றும் நான்கும் ஏழுதான். இரண்டே வரியில் ஒரு பாடத்தை அந்தப் பையன் தானே கட்டிக்கொண்டான். அக்கா "எப்டிடா சொல்ற" என்று கேட்டிருக்காவிட்டால் அது வெளியே வந்தே இருக்காது. ஜோடியாக விளையாடுவதன் பலன் எனக்கு இதில்தான் தெரிகிறது. பெரியவர் "எப்படிச் சொன்ன?" என்றால் குழந்தைக்கு அது தப்பு என்று காதில் விழும். கூட விளையாடுகிறவர் கேட்டால், ஏமாற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்கும்போது தன் யோசனையை வரிசையாகச் சொல்லிப் பழகுகிறது.

ஒளித்து வைப்பவருக்கும் வேலை இருக்கிறது. உள்ளே எத்தனை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிராளி சொன்னது சரியா என்று பார்க்க முடியாது. ஆக, யார் முறை வந்தாலும் இருவரும் கணக்குப் போடுகிறார்கள்.

கூட்டலும் கழித்தலும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் என்ற எண்ணமும் இந்த ஆட்டத்தில் வராது. வெளியே ஐந்து, உள்ளே இரண்டு, மொத்தம் ஏழு. கொட்டாங்குச்சியைத் தூக்கினால் அது 5+2. மூடினால் 7−5. இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, தூக்கித் தூக்கி மூடும் கைக்கே பழகிவிடும்.

ஐந்தில் தொடங்குங்கள். ஐந்தின் எல்லாப் பிரிவுகளும் தடுமாறாமல் வந்த பிறகு ஆறு, அப்புறம் ஏழு, இப்படிப் பத்து வரை. அவசரப்பட்டு முதல் நாளே பத்தை எடுத்தால் குழந்தை எண்ணுவதிலேயே நின்றுவிடும். எப்போதாவது எதையுமே ஒளிக்காமல் கொட்டாங்குச்சியை மட்டும் கவிழ்த்து வையுங்கள். ஏழும் வெளியே இருப்பதைக் கண்டு "உள்ள ஒண்ணுமே இல்ல" என்று குழந்தை கத்தும். பூஜ்யத்தை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

நம் பெண்கள் காலங்காலமாக ஆடிவந்த அஞ்சாங்கல்லிலும் இதே பிரிப்பு இருக்கிறது. ஒரு கல்லை மேலே போட்டுக் கீழே கிடக்கும் நான்கை முதலில் ஒவ்வொன்றாக எடுப்பார்கள், பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரே வாரலில். நான்கைப் பல விதமாகப் பிரிக்கலாம் என்பது அந்த வரிசையிலேயே வந்துவிடுகிறது. கல்லைப் பிடிக்க ஐந்து வயதுக் கை பழகாது என்பதால் கணக்குக்காக இதை எடுக்க வேண்டாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஆடினால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கொட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல்லாங்குழிக்குக் குன்றிமணி வைத்து ஆடும் வழக்கம் உண்டு. குன்றிமணிக்குள் இருப்பது கடுமையான நஞ்சு, உடைத்தோ மென்றோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கையில் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் புளியங்கொட்டையும் வேண்டாம், மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். பெரிய பாட்டில் மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாயக்கட்டையும் கட்டங்களும்

தாயக்கட்டையை உருட்டுவதே ஒரு கூட்டல்தான். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டிச் சேர்த்தால் எண் கிடைக்கிறது. நான்கு விழுந்தால் அது மூன்றும் ஒன்றுமாக இருக்கலாம், இரண்டும் இரண்டுமாகவும் இருக்கலாம். ஆறுக்கு ஒரே வழி, மூன்றும் மூன்றும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது ஆட்டத்தின் விதி. கூட்டல் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வைத்து, பூஜ்யமும் பூஜ்யமும் பூஜ்யம் என்றே ஆடலாம்.

பித்தளைக் கட்டை வீட்டில் இல்லையென்றால் நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள், கொலு பொம்மைகளோடு பல்லாங்குழியும் தாயக்கட்டையும் பரப்பியிருப்பார்கள். வாங்கிய பிறகு இந்த ஆட்டத்தை ஆடிப் பாருங்கள்: ஒருவர் உருட்டி, ஒரு கட்டையைக் கையால் மூடிவிட்டு, "மொத்தம் அஞ்சு" என்கிறார். திறந்திருக்கும் கட்டையில் இரண்டு. மூடிய கையின் கீழ் என்ன இருக்கிறது என்று மற்றவர் சொல்ல வேண்டும். கொட்டாங்குச்சி ஆட்டம்தான் இது, எண்ணிப் பார்க்கக் கொட்டை இல்லாததால் ஒரு படி மேல்.

லூடோ பகடையிலும் ஒரு வேடிக்கை உண்டு. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் ஏழு. மேலே இரண்டு என்றால் அடியில் ஐந்து. இதை முதலிலேயே குழந்தைக்குச் சொல்லிவிடாதீர்கள். உருட்டி, "அடியில என்ன இருக்கு, சொல்லட்டுமா?" என்று நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். எப்படித் தெரிகிறது என்று குழந்தை பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் அதைக் காட்டும். ஏழிலிருந்து கழிப்பதை ஒரே மாலையில் அத்தனை முறை பயிற்சி செய்ய எந்தப் புத்தகமும் வைத்துவிட முடியாது.

இனி கட்டம். ஒரு கோட்டில் 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்கள், இரண்டு காய்கள். அவ்வளவுதான். கீதா ராமானி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் மழலைப் பள்ளி வயதுக் குழந்தைகளுடன் இப்படி ஒரு கட்ட விளையாட்டை ஆடிப் பார்த்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் ஒரு மணி நேர ஆட்டம். எது பெரிய எண், எண்கோட்டில் எது எங்கே வரும், எண்ணுவது, எண்ணை அடையாளம் காண்பது எல்லாவற்றிலும் அந்தக் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் அப்படியே இருந்தது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் இருந்த அதே மாதிரிக் கட்டத்தில் ஆடிய குழந்தைகளிடம் அது வரவில்லை. காயை நகர்த்தினால் மட்டும் போதாது, எண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும்.

காய் 6-இல் இருக்கிறது, பகடையில் 3. பெரும்பாலான குழந்தைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தாவுவார்கள். நீங்கள் "ஏழு, எட்டு, ஒம்போது" என்று தாவுங்கள். குழந்தையையும் அப்படியே சொல்ல வையுங்கள். எலீடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நூறு வரையுள்ள கட்டத்தில் இப்படிக் கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்ந்த குழந்தைகள்தான் நன்றாகக் கற்றார்கள், ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்குப் பலன் வரவில்லை. முதலில் சொன்ன அந்தப் பெரிய தாவல், ஐந்தைத் திரும்ப எண்ணாமல் மேலே போவது, இங்கே காயோடு சேர்ந்து நடக்கிறது.

பரமபதம், பாம்பு ஏணி எல்லாம் நல்ல ஆட்டங்கள். ஆனால் அவற்றில் ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று வளைந்து போகும். ஐந்து வயதுக் குழந்தை எந்தப் பக்கம் போவது என்பதிலேயே கவனத்தைச் செலவழித்துவிடும். முதலில் நேர்கோடு. மொட்டை மாடியில் சாக்பீஸால் போடுங்கள், எலியட்ஸ் கடற்கரை ஈர மணலில் குச்சியால் கீறுங்கள். பாண்டி ஆடுவது போலக் குழந்தைகளே காயாக நின்று தாவினால் இன்னும் நல்லது. பத்து பழகியதும் இருபது.

கழித்தலுக்கு இதே கோட்டில் ஒரு ஆட்டம் வைத்திருக்கிறோம், பெயர் ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போகும்போது வானம் தெளிவாக இருந்தால் சென்னை மொட்டை மாடிகளிலிருந்தே பார்க்கலாம். அதனால் இங்கே பிள்ளைகளுக்குக் கவுன்ட்டவுனை விளக்க வேண்டியதில்லை. இருவரும் 20-இல் நிற்கிறார்கள். பகடையில் விழுந்ததைக் கழித்துக்கொண்டே கீழே வர வேண்டும். சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றால்தான் ராக்கெட் கிளம்பும். 4-இல் நிற்கும்போது ஆறு விழுந்தால் அந்த முறை போச்சு. கடைசிக் கட்டத்தில் "எனக்கு இன்னும் நாலு வேணும்" என்று குழந்தை தானாகச் சொல்லத் தொடங்கும்.

முட்டை அட்டை

கடைகளில் முட்டை வரும் முப்பது குழி அட்டையில் ஒரு பக்கம் ஐந்து, மறு பக்கம் ஆறு குழிகள். ஐந்தைந்தாக இரண்டு வரிசையை வெட்டி எடுத்தால் பத்துக் குழி. ஆளுக்கொன்று. பகடை உருட்டி, விழுந்த அளவு கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும், மேல் வரிசை முடிந்த பிறகு கீழ் வரிசை. பத்துக் குழியும் நிறைந்தால் ஒரு முட்டை, அதாவது ஒரு புள்ளி. அட்டையைக் காலி செய்துவிட்டு மிச்சக் கொட்டைகளோடு மறுபடி தொடங்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மேல் வரிசை நிறைந்து கீழே மூன்று இருந்தால் எட்டு. இதை எண்ணாமலே பார்க்க முடிகிறது. இன்னும் இரண்டு குழி காலி என்பதும் அதே பார்வையில் தெரிகிறது. இப்போது பகடையில் ஐந்து விழுந்தால் குழந்தை என்ன செய்யும்? இரண்டைப் போட்டு நிறைக்கும், மூன்று கையில் நிற்கும். "பத்து ஆயிடுச்சு, மூணு கையில, பதிமூணு." பள்ளியில் பத்தைத் தாண்டும் கூட்டல் வரும்போது பிள்ளைகள் திணறுவது இந்த ஒரு இடத்தில்தான். அட்டையில் ஆடிய குழந்தைக்கு அட்டை இல்லாதபோதும் அந்தக் காலிக் குழிகள் கண்ணுக்குத் தெரியும். எண்ணி எண்ணிப் பழகிய குழந்தையை எண்ணாமல் பார்க்கும் நிலைக்குக் கொண்டுபோக நான் நம்புவது இந்த அட்டையைத்தான்.

திரும்பும் வழியும் உண்டு. பதிமூன்று கொட்டை, அட்டையில் பத்து, வெளியே மூன்று. ஐந்தைத் திருப்பித் தர வேண்டும். முதலில் வெளியே இருக்கும் மூன்று போகும், பிறகு அட்டையிலிருந்து இரண்டு. எட்டு மிச்சம்.

சீட்டுக்கட்டில் ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிட்டால் ஒன்று முதல் பத்து வரை நாற்பது சீட்டு. ஊனோ சீட்டும் ஆகும், அதில் பூஜ்யமும் இருக்கிறது. ஆளுக்கு ஐந்து சீட்டு பிரித்துக்கொண்டு, பத்தாக்கத் தேவையான சீட்டை எதிராளியிடம் கேட்கும் ஆட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கையில் ஏழு இருந்தால் "மூணு இருக்கா?" இருந்தால் தர வேண்டும், இல்லாவிட்டால் கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பத்துச் சீட்டு வந்தால் அது தனியாகவே ஒரு ஜோடி.

கழித்தலுக்கு மூன்று முகம்

பெரும்பாலான குழந்தைகளுக்குக் கழித்தல் என்றால் எடுத்துவிடுவது மட்டும்தான். எட்டு மாம்பழத்தில் மூன்றைத் தின்றால் மீதி எத்தனை? சரி. ஆனால் "உன்கிட்ட எட்டு இருக்கு, அவகிட்ட மூணு இருக்கு, உனக்கு எத்தனை அதிகம்?" என்று கேட்டால் அதே குழந்தை எட்டையும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்கிறது. அங்கே யாரும் எதையும் எடுக்கவில்லையே! வித்தியாசம் பார்ப்பதும் கழித்தல்தான் என்று அதற்கு இன்னும் யாரும் காட்டவில்லை.

அதற்கு வித்தியாசச் சீட்டு. இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைத் திருப்புகிறார்கள். ஒருவருக்கு எட்டு, மற்றவருக்கு மூன்று. ஆளாளுக்கு அத்தனை கொட்டையை நேர் நேராக இரண்டு வரிசையில் வைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஜோடி சேர்ந்தது போக நீட்டிக்கொண்டிருப்பது ஐந்து. பெரிய சீட்டுக்காரர் அந்த ஐந்தை மட்டும் ஜெயிக்கிறார். முதலில் இருபது சேர்ப்பவர் வெற்றி. கொட்டை வைத்துச் சில நாள் ஆடிய பிறகு கொட்டை இல்லாமல் ஆடலாம். ஒரே எண் விழுந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை, அதையும் "வித்தியாசம் பூஜ்யம்" என்று வாயால் சொல்ல வையுங்கள்.

மூன்றாவது முகம் ‘இன்னும் எவ்வளவு வேண்டும்’ என்பது. தெருமுனைக் கடைக்காரர் சில்லறை தருவதைப் பாருங்கள். இருபத்து மூன்று ரூபாய் சாமானுக்கு முப்பது கொடுத்தால் அவர் மனதுக்குள் கழிப்பதில்லை. இரண்டு ரூபாய்க் காசை வைத்து "இருபத்தஞ்சு", ஐந்து ரூபாயை வைத்து "முப்பது" என்று மேலே எண்ணியே மிச்சத்தைக் கையில் தந்துவிடுவார். வீட்டில் கடை விளையாட்டு ஆடும்போது குழந்தையைக் கடைக்காரராக உட்கார வைத்து, பத்து ரூபாய்க்குள் விலை வைத்து, நிஜக் காசு கொடுங்கள். ஏழு ரூபாய் பென்சிலுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் "எட்டு, ஒம்போது, பத்து" என்று மூன்று ஒரு ரூபாய்க் காசை எண்ணி வைக்கும். 10−7 என்று தாளில் எழுதினால் திணறும் குழந்தை இதைத் தயங்காமல் செய்வதைப் பார்க்கலாம்.

பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும்போது பொருளே வேண்டாம். வருகிற பேருந்தின் எண்களைக் கூட்டுங்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி வந்தால் இரண்டும் ஒன்பதும் பதினொன்று. அடுத்து வரும் 21ஜி எதிராளிக்கு, இரண்டும் ஒன்றும் மூன்று. வித்தியாசம் எட்டு, 29சிக்காரருக்கு எட்டுப் புள்ளி.

ஜோடி சேர்ப்பது

ஆறு வயதும் எட்டு வயதும் சேர்ந்து ஆடினால் பெரியதே ஜெயித்துக்கொண்டிருக்கும், சின்னது சீக்கிரமே எழுந்து போய்விடும். அதற்குப் பகடையும் சீட்டும் உள்ள ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வெற்றி அதிர்ஷ்டத்தின் கையில், கணக்கு மட்டும் இருவருக்கும் பொது. இல்லாவிட்டால் பெரியவருக்கு இரண்டு பகடை, சின்னவருக்கு ஒன்று என்று விதியை மாற்றிக்கொள்ளலாம், வெற்றிக் கோடும் அதற்கேற்ப நாற்பது, இருபது.

யார் முதலில் சொல்கிறார்கள் என்ற வேகப் போட்டிகளை இந்த வயதில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேகமான குழந்தைக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. நிதானமான குழந்தை யோசிப்பதை நிறுத்திவிட்டுக் குத்துமதிப்பாக ஏதாவது சொல்லப் பழகிவிடுகிறது. முறை வைத்து ஆடும் விளையாட்டில் அவரவர் முறைக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எண்ணலாம். எதிராளி விடையை முந்திக்கொண்டு சொன்னால் ஒரு கொட்டை அபராதம் என்று வைத்துவிட்டால் பிள்ளைகளே அதைக் காப்பாற்றுவார்கள்.

நீங்களே ஜோடியாக உட்கார்ந்தால் பரீட்சை வைப்பவராக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முறையில் நீங்களும் வாய்விட்டு யோசியுங்கள்: "எனக்கு ஆறு, நாலு விழுந்திருக்கு, ஏழு, எட்டு, ஒம்போது, பத்து." எப்போதாவது வேண்டுமென்றே ஒரு கட்டம் கூடுதலாகத் தாவுங்கள். குழந்தை பிடித்துவிட்டால் அது உங்களுக்குத் திருத்திச் சொல்லித் தரும். அப்படிச் சொல்லித் தரும்போது அது என்ன புரிந்து வைத்திருக்கிறது என்று வரி வரியாகக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் அந்த எண்கள் இன்னும் கையில் வரவில்லை என்று அர்த்தம், இன்னும் சில நாள் அங்கேயே ஆடலாம்.

பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சலிப்பு வருவதற்குள் நிறுத்திவிடுங்கள்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கடைசி ஆட்டம். பத்துக் கொட்டை நடுவில். ஒருவர் மாற்றி ஒருவர் ஒன்றோ இரண்டோ எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவர் வெற்றி. ஒவ்வொரு முறையும் எடுத்தவர் மீதியைச் சொல்ல வேண்டும்: "பத்துல ரெண்டு போனா எட்டு." கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு குழந்தை கவனிக்கும், எதிராளிக்கு மூன்று விட்டுவைத்தால் தோற்க வாய்ப்பே இல்லை என்று. பிறகு ஆறு விட்டாலும் அப்படித்தான் என்று தெரியும், பிறகு ஒன்பது. ஆகவே முதலில் எடுப்பவர் ஒன்றை எடுத்தால் போதும். நிம் என்று இந்தக் குடும்பத்து ஆட்டங்களுக்குப் பெயர், ஹார்வர்டில் இருந்த சார்லஸ் பூட்டன் 1901-இல் நிம் ஆட்டத்தை வெல்லும் வழியைக் கணிதமாக எழுதி வெளியிட்டார். வழியை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். குழந்தை கண்டுபிடித்துவிட்டால் பதினொரு கொட்டை வையுங்கள், அல்லது மூன்று வரை எடுக்கலாம் என்று விதியை மாற்றுங்கள். மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எழுதுவது எப்போது என்று கேட்பீர்கள். ஆட்டம் வாயில் சரளமாக வந்த பிறகு. கொட்டாங்குச்சியைத் தூக்கிய உடனே ஒரு துண்டுத் தாளில் 5+2=7 என்று ஒருவர் எழுத, மூடியதும் 7−5=2 என்று மற்றவர் எழுதட்டும். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அப்போது அவர்களுக்குத் தெரிந்த ஒரு காரியத்தின் பெயராகத்தான் வரும். ஒரு மாலைக்கு நான்கைந்து வரி எழுதினால் போதும்.